சாங்கிச் சுவரில் ஒரு ஜெபம்

சாங்கி என்றதும் உங்களுக்கு முதலில் என்ன நினைவுக்கு வருகிறது? விமான நிலையம், ஜுவல் அருவி, சாங்கி வில்லேஜ் நாசி லெமாக், பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டும் கடற்கரை. இங்கே வளர்ந்த பலரும் இந்த வரிசையில்தான் சொல்வோம். ஜோகூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போவதும் அங்கெல்லாம்தான். தானா மேரா எம்ஆர்டி நிலையத்தில் 2ஆம் எண் பேருந்து ஏறி, சாங்கி வில்லேஜ் போய்ச் சேர்வதற்கு முன்பே அப்பர் சாங்கி ரோடு நார்த்தில் இறங்கிப் பாருங்கள். அங்கே இருப்பது வேறொரு சாங்கி.

நான் சொல்வது சாங்கி தேவாலயமும் அரும்பொருளகமும். சாலையிலிருந்து பார்க்கும்போது அமைதியான, அதிகம் கவனத்தை இழுக்காத கட்டடம். கொஞ்சம் தள்ளி சாங்கிச் சிறை. அதன் பழைய வாயிற்கதவும் மதிலின் ஒரு பகுதியும் 2016இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. மதிலுக்குப் பின்னால் இன்றும் சிறைதான். அரும்பொருளகத்தைப் புதுப்பித்து 2021 மே மாதம் மறுபடி திறந்தார்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம். திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், மூடியிருக்கும்.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. சாங்கியில் பிரிட்டிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிய ராணுவக் குடியிருப்புகளுக்கே சுமார் 50,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் கைதிகளாக நடத்திச் செல்லப்பட்டார்கள். சிறைக்குள் அடைக்கப்பட்டவர்களோ ராணுவத்தோடு சம்பந்தமில்லாத ஐரோப்பியக் குடும்பங்கள். ஆசிரியர்கள், மருத்துவர்கள், அலுவலக ஊழியர்கள், பிள்ளைகள். 1936இல் 600 கைதிகளுக்காகக் கட்டிய சிறை அது. அதில் ஏறக்குறைய 3,000 பேர். இவ்வளவும் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் எண்கள்.

எனக்கு அவை மறக்காமல் போனதற்குக் காரணம் என் அம்மாவின் சிறுநீரகம். நீரிழிவு முற்றியதில் இரண்டும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, வாரம் 3 நாள் டயாலிசிஸ். தீவின் கிழக்குப் பக்கம் உள்ள ஒரு நிலையத்தில் காலை 7 மணிக்கு அம்மாவை விட்டால், ரத்தம் சுத்தமாகி ஊசி எடுத்து ஓய்வெடுத்து வெளியே வர பதினொன்றரை ஆகிவிடும். எனக்கு வானொலியில் மாலை நேர நிகழ்ச்சி என்பதால் காலையில் கூட்டிப்போவது என் பொறுப்பு. வீட்டுக்குப் போய்த் திரும்பவும் நேரம் போதாது. காப்பிக்கடையிலும் எத்தனை நாள்தான் உட்காருவது? ஒரு வியாழக்கிழமை பேருந்திலிருந்து இறங்கி அரும்பொருளகத்துக்குள் நுழைந்தேன். பிறகு பல வியாழக்கிழமைகள்.

உள்ளே 8 காட்சிக்கூடங்கள். எல்லாவற்றையும் விவரித்தால் நீங்கள் போக மாட்டீர்கள். என்னை முதலில் பிடித்து நிறுத்தியது, சிறை அறையைப் போலவே அமைத்திருக்கும் ஒரு குட்டி அறை. சுவர்களுக்கு நடுவே நின்றால் உள்ளே இருந்தவர்கள் பேசிக்கொண்ட பேச்சுகள் ஒலியாகக் கேட்கின்றன. என் தொழிலே ஒலி. நல்ல ஒலிப்பதிவு எது என்று காது தானாகவே எடைபோடும். அந்த அறையில் அப்படி எதுவும் தோன்றவில்லை. எவ்வளவு நெருக்கம் என்றுதான் தோன்றியது. மூச்சு விட்டால் பக்கத்தில் இருப்பவர் மேல் படும்.

இன்னொரு கண்ணாடிப் பெட்டியில், தீப்பெட்டிக்குள் ஒளித்துவைத்த மோர்ஸ் தந்திக் கருவி. முகாமில் ரகசியமாக வானொலிப் பெட்டிகளும் இருந்தன. பிடிபட்டால் உயிர் போகலாம் என்று தெரிந்தே லண்டன் செய்தியைக் கேட்டு, ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குக் கடத்தினார்கள். நாம் இன்று காரில் போகும்போது பாட்டு பிடிக்கவில்லை என்று அலைவரிசையை மாற்றிக்கொண்டே போகிறோம். சரி, அது வேறு கதை. இந்த வானொலி விவகாரம் பின்னால் ஒரு பெரிய துயரத்தில் கொண்டுபோய் விட்டது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஓர் ஓவியர். ஸ்டான்லி வாரன். லண்டனில் சினிமா விளம்பரச் சுவரொட்டிகள் வரைந்தவர், போர் வந்ததும் பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் சேர்ந்தவர். சிங்கப்பூர் விழுந்தபின் கைதியானார். கடும் வேலை, அரைப்பட்டினி. வயிற்றுக்கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து படுக்கையில் தள்ளின. சாங்கியில் ராபர்ட்ஸ் பராக்ஸ் என்ற குடியிருப்பைக் கைதிகளுக்கான மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். அங்கே 151ஆம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய ஜெப அறை, புனித லூக்கா பெயரில். லூக்கா மருத்துவர் அல்லவா, மருத்துவமனை ஆலயத்துக்குப் பொருத்தமான பெயர். படுக்கையில் கிடந்த வாரனின் காதில் அந்த அறையிலிருந்து பாடகர் குழுவின் பாட்டு விழுந்தது.

முன்பு வேறொரு முகாமில் அவர் ஜெப அறைச் சுவரில் கரியால் படம் வரைந்ததைக் குருமார்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். இங்கேயும் வரைய முடியுமா என்று கேட்டார்கள். எழுந்து நிற்கவே முடியாத மனிதர் சரி என்றார். வண்ணம் எங்கே? சக கைதிகள் ஆபத்தை மதிக்காமல் தேடித் திரட்டினார்கள். ராணுவ வண்டிகளுக்கு அடிக்கும் பழுப்புப் பூச்சு, கொஞ்சம் அடர்சிவப்பு, வெள்ளை எண்ணெய் வண்ணம். நீலத்துக்கு? பில்லியர்ட்ஸ் ஆடுபவர்கள் கோலின் நுனியில் தேய்க்கும் நீலச் சுண்ணக்கட்டியைப் பொடித்தார்கள். ஒரு முறை வரைய உட்கார்ந்தால் கால் மணி நேரம் தாங்கும். பிறகு படுக்கை.

இப்படித்தான் 1942 கிறிஸ்துமஸுக்குள் முதல் ஓவியம் முடிந்தது. இயேசுவின் பிறப்பு. அடுத்து விண்ணேற்றம், சிலுவை மரணம், கடைசி இராப்போஜனம், சிறையில் லூக்கா என்று மொத்தம் 5. முதல் ஓவியத்தில் பூமியில் சமாதானம் என்ற வாழ்த்தை எழுதினார். சிலுவை ஓவியத்தில், தம்மை ஆணியால் அறைந்தவர்களுக்காக இயேசு மன்னிப்பு வேண்டிய வார்த்தைகளை எழுதினார். காவல் காக்கும் எதிரிகள் வெளியே நிற்கிறார்கள். உள்ளே சாகக் கிடப்பவர்களுக்கு இந்த வார்த்தைகள். இதை வரைய விட்டார்களே என்பது ஒரு வியப்பு. இதைப் படிக்க அந்த நோயாளிகளுக்கு மனம் வந்ததே என்பது எனக்கு இன்னும் பெரிய வியப்பு.

ஓவியங்கள் முடிந்தபின் அறை பண்டகசாலையானது, சுவரில் வெள்ளை பூசப்பட்டது. போர் முடிந்து வாரன் ஊர் திரும்பினார், லண்டனில் ஓவிய ஆசிரியரானார், சாங்கியை மறக்கவே முயன்றார். 1958இல் இங்கிருந்த பிரிட்டிஷ் ஆகாயப்படையினர் சுவரில் ஓவியம் எட்டிப்பார்ப்பதைக் கண்டார்கள். யார் வரைந்தது என்று தேடி, மறு ஆண்டு அவரைக் கண்டுபிடித்தார்கள். வந்து சீராக்கித் தரும்படி கேட்டபோது அவருக்குத் தயக்கம்தான். அந்த இடத்துக்குத் திரும்புவது சும்மாவா? கடைசியில் 1963, 1982, 1988 என்று 3 முறை வந்து தம் கையாலேயே சீராக்கினார். 1992இல் காலமானார். லூக்கா ஓவியத்தில் மட்டும், வழி அமைக்கச் சுவரை உடைத்ததில் கீழ்ப்பகுதி போய்விட்டது. அதில் என்ன வரைந்திருந்தோம் என்று அவருக்கே ஞாபகம் வரவில்லை.

மூல ஓவியங்கள் இன்று சாங்கி ஆகாயப்படைத் தளத்துக்குள் இருப்பதால் நீங்களும் நானும் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது. நமக்குக் கிடைப்பது நகல்களும் படங்களும்தான். அதிலேயே தெரிகிறது, வண்ணம் குறைவு என்பதால் கோடுகள் எவ்வளவு பெரிது பெரிதாக இருக்கின்றன என்று. சிக்கனமே அழகாகிவிட்டது.

வீட்டில் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சோபாவில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் முடிந்த நாளில் அவருக்கு எழுந்து தட்டைக் கழுவக்கூட தெம்பு இருக்காது.

"கால் மணி நேரம்தான் வரைவாரா?"

"ஆமாம்மா."

"அப்புறம் என்னை மாதிரி படுத்துக்குவாரா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நல்லாத்தான் வேலை பார்த்திருக்கார்" என்றார்.

அம்மாவுக்கு நோய் வந்த புதிதில் நடந்ததைச் சொன்னால்தான் இந்தப் பேச்சின் எடை உங்களுக்குப் புரியும். எங்கள் சபையில் எல்லாரும் அன்பானவர்கள். வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள், சமைத்துக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் மாதங்கள் ஓடிச் சுகம் கிடைக்காதபோது, ஓர் ஆன்ட்டி மெதுவாக, விசுவாசத்தில் எங்கேயோ குறை இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அன்றிரவு அம்மா தூங்கவில்லை. 30 ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர், தன் விசுவாசத்தை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயைவிட அந்த ஒரு வாக்கியம்தான் அவரை அதிகம் வாட்டியது என்று நான் நினைக்கிறேன். கடவுள் பலம் தருவார் என்று சொல்கிறோமே, அந்தப் பலம் எப்படி இருக்கும்? நோய் தீர்ந்தால்தான் பலம் வந்தது என்று அர்த்தமா? இந்தக் கேள்வியோடுதான் நான் அந்தக் காட்சிக்கூடங்களில் சுற்றினேன்.

பதில் மாதிரி ஒன்று கிடைத்தது, வானொலி விவகாரத்தில்.

1943 செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் வெடி வெடித்தது. 7 கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து படகில் வந்த ஒரு சிறு அதிரடிக் குழு, இரவில் சிறு தோணிகளில் நெருங்கி, கண்ணிவெடிகளை ஒட்டிவிட்டுத் தப்பிப் போயிருந்தது. ஜப்பானிய ராணுவக் காவல்துறையான கெம்பெய்த்தாய்க்கு அது தெரியாது. சாங்கிச் சிறையில் இருப்பவர்கள்தான் ரகசிய வானொலி மூலம் தகவல் கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அக்டோபர் 10ஆம் தேதி சிறையைச் சூழ்ந்து சோதனையிட்டார்கள். பத்தாம் மாதம் பத்தாம் தேதி என்பதால் வரலாற்றில் இதற்கு இரட்டைப் பத்துச் சம்பவம் என்று பெயர். 57 பேரைப் பிடித்துப்போய் வதைத்தார்கள். 15 பேர் இறந்தார்கள். கப்பல் வெடிப்பில் அவர்களில் ஒருவருக்கும் பங்கு கிடையாது.

பிடிபட்டவர்களில் ஒருவர் சிங்கப்பூரின் ஆங்கிலிகன் பேராயர் லெனர்ட் வில்சன். சிட்டி ஹால் பக்கம் வெள்ளையாக நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் அவருடையது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள் கட்டிய ஆலயம் அது. உள்ளே சுவரைத் தடவிப் பாருங்கள், மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு. ஆக்கிரமிப்பின் முதல் ஓராண்டு வில்சன் வெளியேதான் இருந்தார். அதற்கு உதவியவர் ஒகாவா என்ற ஜப்பானிய அதிகாரி. அவரும் ஆங்கிலிகன் கிறிஸ்தவர். எதிரிப் படைச் சீருடைக்குள் தன் சபைக்காரர் ஒருவர்! 1943 மார்ச்சில் வில்சனும் சாங்கிச் சிறைக்குள் போனார். அக்டோபரில் அவரையும் இழுத்துப் போனார்கள்.

எங்கே? டோபி காட்டில் இன்று ஒய்எம்சிஏ கட்டடம் நிற்கிறதே, அதே இடத்துக்கு. அப்போது அங்கிருந்த பழைய ஒய்எம்சிஏ கட்டடத்தைக் கெம்பெய்த்தாய் எடுத்துக்கொண்டிருந்தது. வாலிபர் கிறிஸ்தவச் சங்கத்தின் அறைகளில் சித்திரவதை. பழைய கட்டடத்தை 1981இல் இடித்துவிட்டார்கள். பிளாசா சிங்கப்பூராவில் படம் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். இப்போது அந்த நடைபாதையில் என் கால் தானாகக் கொஞ்சம் தயங்குகிறது.

அங்கே நடந்ததை வில்சன் 1946 அக்டோபரில் பிபிசி வானொலியில் பேசினார். வானொலிக்காரி என்பதால், சிங்கப்பூரைப் பற்றி ஒலிபரப்பான பேச்சுகளில் எதைக் கேட்கக் கிடைத்தால் நல்லது என்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். நாள்கணக்கில் மாறி மாறி அடித்தார்கள். கடவுளை நம்புகிறாயா என்று கேட்டார்கள். அவர் துணையால் நம்புகிறேன் என்றார். அப்படியானால் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்றார்கள். காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறார், வலியிலிருந்து விடுவித்து அல்ல, அதைத் தாங்கும் மனத்தைக் கொடுத்து, என்ற பொருளில் பதில் சொன்னார். அடிப்பவர்களை வெறுக்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார். அவர்களைச் சின்னப் பிள்ளைகளாக, ஒரு காலத்தில் அவர்கள் இருந்த விதமாகக் கற்பனை செய்து பார்த்தார். குழந்தையை யாரால் வெறுக்க முடியும்? அறையின் பின்பக்கச் சிறு சன்னல் வழியே மாங்குயிலின் குரல் கேட்டது, செந்தழலாய்ப் பூத்த ஒரு மரம் தெரிந்தது, அதுவே அன்றைக்குப் போதுமாக இருந்தது என்றும் சொன்னார்.

போர் முடிந்து அவர் மறுபடி பேராயராகப் பணியாற்றியபோது, ஒருவர் திடப்படுத்தல் பெற வந்தார். ஆங்கிலிகன் சபையில் ஒருவர் தம் விசுவாசத்தை எல்லார் முன்னும் உறுதிசெய்யும்போது, பேராயர் தலையில் கைவைத்து ஜெபிக்கும் சடங்கு அது. வந்தவர் வில்சனை வதைத்தவர்களில் ஒருவர். வில்சன் அவர் தலையில் கை வைத்தார்.

அதே ஒய்எம்சிஏயில் எலிசபெத் சோயும் இருந்தார். வட போர்னியோவில், இன்றைய சபாவில், பிறந்து இங்கே ஆசிரியையாக இருந்தவர். அவரும் கணவரும் மருத்துவமனை ஒன்றில் சிற்றுண்டிச்சாலை நடத்தினார்கள். அதன் வழியாகச் சாங்கிக் கைதிகளுக்கு உணவு, மருந்து, பணம், வானொலி உதிரிபாகங்கள் கூடப் போய்ச் சேர்ந்தன. கணவரைப் பிடித்துப் போனபின் அவரைத் தேடிப்போன எலிசபெத்தையும் பின்னர் அடைத்தார்கள். ஏறக்குறைய 200 நாள். போருக்குப் பிறகு, தம்மை வதைத்தவர்களுக்கு மரண தண்டனை கேட்க மறுத்தார், போர்தான் அவர்களை அப்படி ஆக்கியது என்றார். பிற்காலத்தில் பார்வையற்றோர் பள்ளியின் முதல் தலைமையாசிரியர் ஆனார். 2006இல், 95 வயதில் காலமானார்.

இவர்கள் கதையைக் கேட்டு, கிறிஸ்தவர்கள் எல்லாரும் இரும்பு மனிதர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஜெபித்தும் செத்தவர்கள் அங்கே நிறைய. 15 பேரில் எத்தனை பேர் வில்சனைப் போலவே ஜெபித்திருப்பார்கள்? சாங்கி சிலுவை என்று ஒன்று இருக்கிறது, பித்தளை. எரிக் கார்டிங்லி என்ற ராணுவக் குரு வடிவம் சொல்ல, ஹாரி ஸ்டாக்டன் என்ற வீரர் 1942இல் பீரங்கிக் குண்டின் உறையிலிருந்து செய்தது. கார்டிங்லியின் ஆலயம் நடந்ததே முகாமுக்குள் இருந்த ஒரு சிறிய பள்ளிவாசல் கட்டடத்தில்தான். அவர் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டபோது அந்தச் சிலுவையையும் எடுத்துப்போய், உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். அதைச் செய்த ஸ்டாக்டன் வீடு திரும்பவில்லை. செய்தவர் போனார், சுமந்தவர் வந்தார். இதற்கு எந்த விசுவாசக் கணக்கும் ஒத்துவராது. வில்சனும் அப்படி ஒரு கணக்கைப் போடவில்லை என்பதால்தான் அவரை நம்ப முடிகிறது.

சயாம் ரயில் என்றதும் நம் வீடுகளில் சிலருக்கு அடிவயிறு கலங்கும். சாங்கியிலிருந்து ரயிலேற்றப்பட்டவர்களும் சேர்த்து, 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அந்த 415 கிலோமீட்டர் பாதையில் உழைத்தார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு, வரிசை வரிசையாகக் கல்லறை உண்டு. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். எத்தனை பேர் செத்தார்கள் என்று சரியாக எழுதிவைக்கக்கூட ஆள் இல்லை.

அம்மா அரும்பொருளகத்துக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு. கைத்தடி, கைப்பை, 500 மில்லிலிட்டர் தண்ணீர்ப் புட்டி. அன்றைய பகல் முழுவதற்கும் அவருக்கு அனுமதித்த தண்ணீர் அதுதான். காட்சிக்கூடங்களை மெதுவாகப் பார்த்தார். வாரனின் ஓவியங்களுக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றார். எனக்குப் பிடித்த சிறை அறைக்குள் வர மறுத்துவிட்டார். "அங்கே வாரத்துல மூணு நாள் கட்டிலோடதான கிடக்கிறேன், போதும்" என்றார்.

முற்றத்தில் தேவாலயம் இருக்கிறது. கைதிகள் 1944இல் கட்டிய மூல தேவாலயம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, இப்போது கன்பராவில் டன்ட்ரூன் ராணுவக் கல்லூரியில் இருக்கிறது. இங்கே நிற்பது சாங்கிச் சிறைக் கைதிகள் 1988இல் கட்டிய மறுவடிவம். 2001இல் இந்த இடத்துக்கு வந்தது. மரத்தால் ஆனது. பீடத்துக்கு மட்டும் சிறு கூரை, மற்றபடி திறந்தவெளி. சாங்கி விமானங்கள் தலைக்கு மேல் போகும்போது சத்தம் கேட்கும். காற்று வரும். பெரிய ஆலயங்களில் பேசாத மனம் இங்கே பேசும் என்று எனக்குத் தோன்றும். உங்களுக்கு எப்படியோ.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். தன் சிறுநீரகத்துக்காக ஜெபிப்பார் என்று நினைத்தேன்.

"எங்க பெரியப்பாவும் சயாமுக்குத்தான் போனாரு, தெரியும்ல?" என்றார்.

எனக்குத் தெரியும். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம். அம்மாவின் அப்பாவுக்கு மூத்தவர். கல்யாணம் ஆகி 6 மாதம். தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் வரிசையில் நிறுத்தி லாரியில் ஏற்றினார்களாம். திரும்பவே இல்லை. அவர் மனைவி, அந்தப் பெரிய பாட்டி, சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீட்டில் அவர் புகைப்படம் ஒன்றுகூட இல்லை.

"இங்க இவங்க பேரெல்லாம் இருக்கு. அவரு பேரு எங்கயாவது இருக்குமா?"

"தெரியலம்மா."

"சரி, இங்கயே சொல்லிட்டுப் போவோம்."

கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாக, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் குரலில் தமிழில் ஜெபித்தார். பெரியப்பா பெயரைச் சொன்னார். அவரோடு லாரியில் போனவர்களை, பெயர் தெரியாதவர்களை நினைத்துக்கொண்டார். படம் வரைந்த அந்த வெள்ளைக்காரருக்காகவும் ஒரு வரி. பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஆஸ்திரேலியத் தம்பதி மொழி புரியாமலே தலை குனிந்திருந்தார்கள். தனக்காக அம்மா எதுவும் கேட்டதாக என் காதில் விழவில்லை. ஆமென் என்று முடித்துக் கண்ணைத் திறந்தவர், பையிலிருந்து புட்டியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எவ்வளவு மிச்சம் இருக்கு, பாரு கண்ணு."

கோட்டைப் பார்த்துச் சொன்னேன். இருநூறு.

இரண்டு வாய் குடித்துவிட்டு மூடியைத் திருகினார். "சாயங்காலம் வரைக்கும் வரும்" என்று சொல்லி, கைத்தடியை ஊன்றி எழுந்தார்.